தீவின் பெயர் மட்டும் போதாது: தொலைதூரத் தீவுகளின் நினைவு நாணயங்களைச் சேர்ப்பது எப்படி

தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவில் ட்ரிஸ்டன் ட குன்யா என்று ஒரு தீவு இருக்கிறது. அதற்கு அண்டை ஊர் என்று சொன்னால் செயின்ட் ஹெலினா, அதுவே சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி. மொத்த ஜனம் 250 பேருக்கும் குறைவுதான். விமான நிலையம் கிடையாது, கேப் டவுனிலிருந்து கப்பலில் போனால் ஒரு வாரம் ஆகும். இரண்டாம் எலிசபெத் ராணியின் வெள்ளி விழாவுக்காக 1977ல் இந்தத் தீவின் பெயரில் வந்த 25 பென்ஸ் நாணயம்தான் நான் வாங்கிய முதல் தீவு நாணயம். அந்தத் தீவுக் கடையில் புழங்குவது சாதாரண பிரிட்டிஷ் பவுண்டுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படியென்றால் இந்தக் காசு யாருக்காக அடிக்கப்பட்டது? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது எனக்குப் பிடிபட்டது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பதில் இதுதான்: பெரும்பாலும் சேகரிப்பவர்களுக்காக. நாணயம் வெளியிடும் அதிகாரம் தீவின் அரசிடம் இருக்கும். அது வெளிநாட்டில் உள்ள ஒரு நாணயச்சாலைக்கு அனுமதி கொடுக்கும். நாணயச்சாலை வடிவமைத்து, அச்சடித்து, உலகம் முழுக்க விற்கும். அதில் ஒரு பங்கு தீவின் கருவூலத்துக்குப் போகும். காசில் முகமதிப்பு (அதன்மேல் பொறித்த தொகை) இருக்கும், சட்டப்படி செல்லும் பணம் என்ற தகுதியும் இருக்கும், ஆனால் அதை யாரும் கடைக்குக் கொண்டுபோவதில்லை. தபால்தலைகளை விற்று வருமானம் பார்த்த தீவுகள் நாணயத்திலும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. விவசாயத்துக்கு நிலம் இல்லாத, தொழிற்சாலை வைக்க வழியில்லாத ஒரு சின்ன சமூகம் தன் பெயரையும் கதையையும் விற்றுச் சம்பாதிப்பதை நான் நேர்மையான வருமானமாகவே பார்க்கிறேன். கதை தீவினுடையதாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

என் முதல் அளவுகோலும் அதுதான். காசைக் கையில் எடுங்கள், அதன் படத்தைப் பாருங்கள், தீவின் பெயரை அழித்துவிட்டு வேறு தீவின் பெயரை எழுதினால் யாருக்காவது வித்தியாசம் தெரியுமா என்று யோசியுங்கள். தெரியாது என்றால் அந்தத் தீவு அங்கே வெறும் முகவரி. பசிபிக்கில் உள்ள நியுவே தீவின் பெயரில் 1980களின் கடைசியில் டென்னிஸ் வீரர்கள் போரிஸ் பெக்கருக்கும் ஸ்டெஃபி கிராஃபுக்கும் நாணயங்கள் வந்தன, பிற்பாடு சினிமா, கார்ட்டூன் உருவங்களும் ஏராளமாக வந்தன. சட்டப்படி எல்லாமே உண்மையான நாணயங்கள்தான், டென்னிஸ் பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் நியுவே எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று அவற்றிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இப்போது பிட்கெய்ர்னை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக்கில் ஐம்பது பேர்கூட இல்லாத தீவு, புழங்குவது நியூசிலாந்து டாலர். இதன் பெயரில் 1988, 1989, 1990 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் நினைவு நாணயங்கள் வந்தன. முதலாவது 1838ல் தீவுக்கு எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 150 வருடத்துக்கு (பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த சட்டம் அது, அந்தக் காலத்தில் பெரிய நாடுகளே அதை நினைத்துப் பார்க்கவில்லை). இரண்டாவது, 1789 ஏப்ரல் 28ஆம் தேதி பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கேப்டன் பிளைக்கு எதிராக நடந்த கலகத்தின் 200 வருடத்துக்கு. மூன்றாவது, கலகக்காரர்களும் அவர்களுடன் வந்த தஹிதி மக்களும் 1790ல் பிட்கெய்ர்னில் குடியேறியதற்கு. யாரும் தேடி வந்துவிடக் கூடாது என்று 1790 ஜனவரி 23ஆம் தேதி கப்பலைக் கொளுத்தினார்கள், அந்த நாளைத் தீவில் இன்றும் கொண்டாடுகிறார்கள். இந்த மூன்று வருடங்களின் ஒரு டாலர் நாணயங்களையும் ஒன்றாகத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் பிறப்பே அதில் இருக்கிறது, வேறு எந்தத் தீவின் பெயரையும் அதில் எழுத முடியாது.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. ஃபாக்லாந்து தீவுகளின் 1982ஆம் வருட 50 பென்ஸ், அந்த வருடம் ஜூன் 14ஆம் தேதி பிரிட்டனும் அர்ஜென்டினாவும் அந்தத் தீவுகளுக்காக நடத்திய போர் முடிந்ததற்காக வந்தது. செயின்ட் ஹெலினாவின் 1973ஆம் வருட 25 பென்ஸ், 1673ல் கிடைத்த அரச சாசனத்தின் 300 வருடத்துக்கு. இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில் 1977ல் வந்த ரூபாய் நாணயங்களில் ராணியின் தலை இல்லை, ஜான் க்ளூனிஸ் ராஸின் தலை இருக்கும். அந்தக் குடும்பம் 1827ல் அங்கே வந்து, தென்னந்தோப்பும் தொழிலாளர்களும் சொந்தக் காசுமாகத் தீவையே ஆண்டது, 150 வருடம் கழித்து அதைக் கொண்டாடி இந்த நாணயங்கள் வந்த மறு வருடமே ஆஸ்திரேலிய அரசு தீவுகளை அந்தக் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டது. அங்கே காசுக்குப் பதில் புழங்கிய, 1913 என்று பொறித்த பிளாஸ்டிக் வில்லைகள் கிடைத்தால் விடாதீர்கள். அவை நினைவு நாணயங்கள் இல்லை, ஆனால் அந்தத் தொழிலாளர்களின் கை பட்டவை.

புழக்கக் காசையும் சேர்த்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். செயின்ட் ஹெலினாவும் அசென்ஷனும் சேர்ந்து 1984 முதல் வெளியிடும் சில்லறைக் காசுகளில் ஒரு பென்னியில் சூரை மீன், இரண்டு பென்ஸில் கழுதை, 50 பென்ஸில் கடலாமை. 5 பென்ஸில் பிற்பாடு வந்த ராட்சத ஆமைக்கு ஜோனதன் என்று பெயர், சுமார் 1832ல் பிறந்ததாகக் கணக்கு. இவை நினைவு நாணயங்களை விட மலிவு, தீவைப் பற்றிச் சொல்வதோ அதிகம்.

சரி, கதை பிடித்துவிட்டது. அடுத்து, அதை வெளியிட்டவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று பார்க்க வேண்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். கெர்கெலன் தீவு என்று பொறித்த, இரண்டு உலோகத்தில் அழகாக அடித்த ஒரு காசை இணையத்தில் ஒரு விற்பனையாளர் 'அரிய பிரெஞ்சுத் தீவு நாணயம்' என்று போட்டிருந்தார், நம்பி வாங்கினேன். கெர்கெலன் பிரான்ஸின் தெற்குப் பிரதேசங்களில் ஒன்று, அங்கே பணம் என்றால் யூரோ, அதற்குத் தனி நாணயம் கிடையாது. அது யாரோ தனியார் அடித்து விற்ற வில்லை. இந்த வகையைச் சேகரிப்பவர்கள் பேன்டசி காயின் என்கிறார்கள், கற்பனை நாணயம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். குரோசே, ட்ரோமெலின், யூரோப்பா, கிளிப்பர்டன் என்று பிரெஞ்சுத் தீவுகளின் பெயரில் இவை நிறைய உண்டு. ஈஸ்டர் தீவு சிலிக்குச் சொந்தம், கலாபகோஸ் ஈக்வடாருக்குச் சொந்தம், இரண்டுக்கும் தனி நாணயம் கிடையாது, ஆனால் இரண்டின் பெயரிலும் கற்பனை நாணயங்கள் விற்பனையில் இருக்கின்றன.

ஆள் இல்லாத தீவு என்பதால் பொய்யான நாணயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை, ஆய்வாளர்களும் அதிகாரிகளும்தான் வந்து போகிறார்கள், ஆனால் அதற்கு ஓர் அரசு நிர்வாகம் இருக்கிறது, அதன் பெயரில் 2000 முதல் முறையான நாணயங்கள் வருகின்றன. அண்டார்டிகா பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கல்லறை அங்கே க்ரிட்விக்கனில் இருக்கிறது, 1916ல் அவர் அந்தத் தீவின் மலைகளை நடந்தே கடந்தார், அவரைக் கொண்டாடும் நாணயத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் பெயரிலும் 2009 முதல் நாணயங்கள் உண்டு. அவற்றில் வரும் ஆமையும் மீனும் அழகுதான். அந்தப் பிரதேசம் என்பது சாகோஸ் தீவுகள்தான், அங்கே வாழ்ந்த மக்களை 1968க்கும் 1973க்கும் இடையில் மொத்தமாக வெளியேற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், அந்தக் காசுக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் குறிப்பில் இதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

உரிமையைச் சரிபார்க்க மூன்று வழிகள். முதலில் தீவின் அரசு அல்லது கருவூலத்தின் தளத்தில் அந்த வெளியீட்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து அடித்த நாணயச்சாலை எது என்று பாருங்கள், நாணயச்சாலையின் பெயரே இல்லாமல் விற்றால் எச்சரிக்கை. மூன்றாவது கேட்டலாக். நாணயங்களைப் பட்டியலிடும் நியூமிஸ்டா இணையதளத்தில் தேடினால் அது நாணயமா கற்பனை நாணயமா என்று வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். அச்சுக் கேட்டலாக்குகளைப் பின்பற்றும் விற்பனையாளர்கள் கேஎம் (கேட்டலாக் தொகுத்த க்ராஸ், மிஷ்லர் பெயர்களின் சுருக்கம்) என்று தொடங்கும் எண்ணைப் போடுவார்கள், அந்த எண்ணில் எக்ஸ் என்ற எழுத்து முன்னால் வந்தால் அது வழக்கத்துக்கு மாறான வகை, பெரும்பாலும் அரசு வெளியீடு இல்லை. ராணி அல்லது ராஜாவின் தலை இருக்கிறது, அதனால் உண்மை என்று மட்டும் நினைக்காதீர்கள், கற்பனை நாணயங்களிலும் அந்தத் தலை தாராளமாக வரும்.

கற்பனை நாணயம் எல்லாமே குப்பை என்றும் நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் லண்டி என்ற சின்னத் தீவை விலைக்கு வாங்கிய மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன், 1929ல் தன் தலையைப் போட்டு ஒரு பஃபின், அரை பஃபின் என்று இரண்டு காசு அடித்தார். பஃபின் என்பது அந்தத் தீவில் இருக்கும் கடற்பறவை, காசின் மறுபக்கத்தில் அதுதான் இருக்கும். சொந்தமாக நாணயம் அடித்த குற்றத்துக்காக அவர்மேல் வழக்குப் போட்டு 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார். இன்று அந்த வழக்காலேயே அந்தக் காசுக்கு மதிப்பு. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கினால் சரி.

விற்பனை விவரத்தைப் படிக்கும்போது உலோகம் என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். பழைய கிரவுன் (பிரிட்டனின் பெரிய வெள்ளிக் காசு) அளவு நாணயங்கள் பெரும்பாலும் 38.6 மில்லிமீட்டர் விட்டம், 28.28 கிராம் எடை. இதே அளவு, இதே எடை, இதே படத்தில் ஒன்று தாமிரமும் நிக்கலும் கலந்தது, மற்றொன்று ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, தராசில் வைத்தாலும் முடியாது. தாமிர நிக்கல் காசு மலிவு, வெள்ளிக் காசில் சுமார் 26.16 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 'வெள்ளி நிறம்', 'வெள்ளி முலாம்', 'வெள்ளி போன்ற பளபளப்பு' என்றெல்லாம் எழுதியிருந்தால் அது வெள்ளி இல்லை.

கையில் வந்த காசு எது என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் தராசில் பாதி அளவு காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 28.28 கிராம் காசுக்கு 2.73 அளவில் வந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, 3.2க்குப் பக்கத்தில் வந்தால் தாமிர நிக்கல். ஆனால் புரூஃப் நாணயத்தில் (சேகரிப்பவர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடித்தது) இதைச் செய்யவே செய்யாதீர்கள், கண்ணாடி மாதிரி இருக்கும் அதன் பரப்பில் ஒரு துளி தண்ணீர் காய்ந்தாலும் கறை நின்றுவிடும். பிளாஸ்டிக் கவசத்திலிருந்து ஏற்கெனவே வெளியே வந்து கை பட்டுப்போன காசுக்கு மட்டும்தான் இது.

எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சான்றிதழில் இருப்பது பல சமயம் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு, உண்மையில் அடித்தது அதைவிடக் குறைவாக இருக்கலாம். இன்னொரு பக்கம், ஒரே படம் தாமிர நிக்கலில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, இரட்டைத் தடிமன் கொண்ட பீட்ஃபோர்ட் ஒன்று, தங்கத்தில் ஒன்று என்று நான்கு விதமாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'வெறும் இத்தனைதான்' என்று எழுதுவார்கள். குறைவாக அடித்தது என்பதற்காக மட்டும் விலை ஏறாது, அதைத் தேடுகிறவர்களும் வேண்டும். 500 பேர் தேடும் காசு 5,000 இருந்தால் விலை எப்படி ஏறும்?

அரச குடும்ப விழாக்களுக்கு வரும் தொகுப்பு வெளியீடுகளிலும் கவனமாக இருங்கள். சார்லஸ், டயானாவின் 1981 திருமணத்துக்கு ட்ரிஸ்டன், செயின்ட் ஹெலினா, அசென்ஷன், ஃபாக்லாந்து என்று பல பிரிட்டிஷ் பிரதேசங்கள் நாணயம் வெளியிட்டன. ஒன்று வாங்குங்கள், எல்லாவற்றையும் வாங்கினால் ஒரே ஜோடியின் படம்தான் திரும்பத் திரும்ப வரும். விண்கல் துண்டு பதித்தது, வாசனை வருவது, 11 மில்லிமீட்டர் அகலத்தில் அரை கிராம் தங்கம் என்று குக் தீவுகள், பலாவ் பெயர்களில் வருபவற்றைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். (பலாவ் தனி நாடு, ஆனால் வியாபார முறை ஒன்றேதான்.) அரை கிராம் தங்கத்துக்குக் கொடுக்கும் விலையை ஒரு கிராமுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பிரதேசங்கள் பலவற்றுக்கு நாணயம் அடித்த பாப்ஜாய் மின்ட் என்ற பிரிட்டிஷ் தனியார் நாணயச்சாலை 2023ல் மூடப்பட்டது. அதனால் பழைய வெளியீடுகளைப் பற்றி நேரடியாகக் கேட்க இனி ஆள் இல்லை. அவர்களுடைய காசுகளைப் பெட்டியோடும் சான்றிதழோடும் சேர்த்து வாங்குவதுதான் நல்லது, தனிக் காசாக வந்தால் எடை, விட்டம், தடிமன் மூன்றையும் கேட்டலாக் விவரத்தோடு ஒப்பிடுங்கள்.

முகமதிப்பை நம்பி வாங்கவே வாங்காதீர்கள். 50 டாலர் என்று பொறித்த பிட்கெய்ர்ன் வெள்ளியை நியூசிலாந்துக் கடையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், அது அந்தத் தீவின் எல்லைக்குள் மட்டும்தான் சட்டப்படி பணம். விலையை முடிவு செய்யும்போது மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: உலோகத்துக்கு எவ்வளவு, வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் எவ்வளவு, கதைக்காக நீங்கள் மனமார எவ்வளவு கொடுக்கத் தயார். கடைசித் தொகை திரும்பி வராது என்று வைத்துக்கொண்டால் பிறகு வருத்தம் இருக்காது. விற்பனையாளர் கேட்கும் விலையை நம்பாமல், ஏலங்களில் அதே காசு உண்மையில் எத்தனைக்கு விற்றது என்று பாருங்கள், அதுதான் விலை.

வந்து சேர்ந்த காசை வைத்துக்கொள்வது சுலபம், சில தவறுகளைச் செய்யாமல் இருந்தால் போதும். புரூஃப் காசைக் கவசத்திலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்று ஒரு துணி இருக்கட்டும். துணியாலோ பாலிஷாலோ எதையும் தேய்க்கவே கூடாது, பளபளப்பு வந்தாலும் மதிப்பு போய்விடும். பிவிசி கலந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பைக் காசின்மேல் விட்டுவிடும், அதைச் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் வண்ணம் அச்சடித்த காசை அசிட்டோனில் போட்டால் வண்ணமே கரைந்து போகும். இந்தத் தீவுகளின் புதிய நாணயங்களில் பாதிக்கு மேல் வண்ணம் வருகிறது என்று தோன்றுகிற அளவுக்கு ஆகிவிட்டதால் இதை மறக்காதீர்கள். சுத்த வெள்ளியில் சில சமயம் பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரும், அதைத் துடைக்க முயலாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். ஒவ்வொரு காசோடும் ஒரு சின்ன அட்டை. அதில் தீவின் பெயர், வருடம், கேட்டலாக் எண், உலோகம், அடித்த நாணயச்சாலை, யாரிடம் எப்போது வாங்கியது. அதன் கீழே அந்தத் தீவைப் பற்றி இரண்டு வரி. என் ட்ரிஸ்டன் காசின் அட்டையில் 1961ல் எரிமலை வெடித்து மொத்தத் தீவும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது, இரண்டு வருடம் கழித்துப் பெரும்பாலானோர் பிடிவாதமாகத் திரும்பிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கும் முன்பு, 1946ல், அங்கே தபால்தலைக்கு மாதிரி தயாரித்தபோது அதன் விலையை ஒரு பென்னி, அல்லது நான்கு உருளைக்கிழங்கு என்று அச்சடித்தார்கள். அதுவும் அட்டையில் இருக்கிறது.